சத்திரமா, சொந்த வீடா?

பனிக்காலம் தொடங்கியதும் ஆண்டுதோறும் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை ஆகிய இடங்களின் வண்ணப்படங்களோடு, 'வெளிநாட்டு விருந்தாளிகள் வந்துவிட்டனர்' என்னும் தலைப்பில் வலசைப் பறவைகளைப் பற்றி வெளியாகும் செய்தியே அது. விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றும் தமிழர் நாவில் இச்சொல் பிறப்பது இயல்பேயாகும். ஆயினும் இப்பறவைகளுக்கு 'விருந்தாளி' என்னும் பெயர் பொருந்துமா? சில நாள் தங்கிச் செல்லும் சத்திரமாகத்தான் அவை வெப்பநாடுகளைக் கொள்கின்றனவா? அன்றி, அதுவே அவற்றின் சொந்த வீடா? இவ்வினாவை எழுப்பி, விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். வலசைப் பறவையின் உடல்நலத்தை உறுதி செய்வது அது குஞ்சு பொரிக்கும் வடபுலம் மட்டுமன்று. அது பனிக்காலத்தைக் கழிக்கும் வெப்பநாட்டின் காடும் சதுப்பும் புதரும் எத்தகையன என்பதைப் பொறுத்தே அதன் உடல் வலிமையும், பயணமும், அடுத்த கோடையில் அது எடுக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் அமைகின்றன. ஆகவே வெப்பநாடு அதற்குச் சத்திரமன்று; வீடு. வீடென்று ஒப்புக்கொண்ட அளவிலேயே அந்நாட்டினர்க்குக் கடமையும் பிறந்துவிடுகிறது.

தமிழ் பயிற்றுவிக்கும் ஆசிரியனுக்குப் பறவையியலில் என்ன வேலை என்று மாணவர்கள் வினவலாம். பறவைகளைத் தூது விடுத்த மரபு நம்முடையது. வறுமையால் வாடிய சத்திமுற்றப் புலவர், தென்குமரியில் நீராடி வடதிசைக்கு மீளும் நாரையை விளித்து, ஊரிலுள்ள தம் மனைவியிடம் தம் நிலையைச் சொல்லுமாறு வேண்டினார். தெற்கே வந்த பறவை வடக்கே மீளும் என்னும் இயற்கை நிகழ்ச்சியை அப்பாடல் பதிவு செய்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. நம் துயரைச் சொல்லிவரப் பறவையை ஏவினோம். அப்பறவை நலமாக இருக்கிறதா என்று அதனிடமே கேட்டறியும் வழி அக்காலத்தில் இல்லை. இக்காலத்தில் அவ்வழி பிறந்திருக்கிறது. அதனை அறிவது தூதிலக்கியம் படிப்போர்க்கும் கடமையே.

எட்டுக் கிராம் உயிர்

வட அமெரிக்காவின் காடுகளில் கோடைக்காலத்தில் கூடு கட்டி வாழும் பாடும் பறவைகளுள் ஒன்று அமெரிக்கன் ரெட்ஸ்டார்ட் என்பதாகும். ரெட்ஸ்டார்ட் என்னும் பழைய ஆங்கிலச் சொல் செந்நிற வாலைக் குறிக்கும். ஆதலின் ஈண்டு அதனைச் செவ்வால் குருவி என்றே அழைப்போம். ஆண்பறவை கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த நிறமுடையது. பெண்பறவை சாம்பலும் மஞ்சளும் கலந்தது. எடை ஏறத்தாழ 8 கிராம். அதாவது நம் வீட்டுச் சிட்டுக்குருவியின் எடையில் மூன்றில் ஒரு பங்களவே. பூச்சிகளே இதன் உணவு.

கோடை முடிந்ததும் இக்குருவி தெற்கு நோக்கிப் புறப்பட்டுக் கரீபியன் தீவுகள், நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகிய இடங்களை அடைகிறது. ஜமைக்காத் தீவுக்குச் செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் வந்து சேர்ந்தால் ஏப்ரல் வரை அங்கேயே தங்கும். எனவே ஆண்டின் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை அது வெப்பநாட்டில்தான் கழிக்கிறது. அங்கே அது ஊர்சுற்றும் பயணியைப்போல் திரிவதில்லை. ஒவ்வொரு குருவியும் தனக்கென ஒரு சிறு நிலப்பரப்பை வரையறுத்துக்கொண்டு, ஏனைய குருவிகளை விரட்டிக் காவல் காக்கிறது. உயிருடன் மீண்டும் வரும் பறவை, சென்ற ஆண்டு வாழ்ந்த அதே இடத்தையே நாடுகிறது. சத்திரத்தில் தங்குவோன் எல்லைக்கல் நடுவதில்லை, வீட்டுக்காரனே நடுவான்.

ஜமைக்காவின் தென்மேற்குக் கரையில் ஃபாண்ட் ஹில் என்னும் இடத்தில் பீட்டர் மர்ரா என்ற அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் இக்குருவிகளை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அங்கு இருவகை வாழிடங்கள் அருகருகே உள்ளன. ஒன்று, பிச்சாவரத்தில் நாம் காண்பது போன்ற அலையாத்திக் காடு; ஈரமும் நிழலும் உடையது. மற்றொன்று, வறண்ட முட்புதர்க்காடு. மழைக்காலம் முடியும் தறுவாயில் குருவிகள் வந்திறங்கும்போது இரண்டிலும் பூச்சிகள் உண்டு. சனவரி முதல் மார்ச்சு வரை நீளும் வறண்ட பருவத்தில்தான் வேறுபாடு புலப்படுகிறது. புதர்க்காடு இலையுதிர்த்துப் பூச்சி வளத்தை இழக்கிறது. அலையாத்திக் காடோ ஈரத்தைத் தேக்கிவைத்து உணவளிக்கிறது.

நல்ல இடத்தை வலியோர் கைக்கொள்வது மாந்தர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும். முதிர்ந்த ஆண்குருவிகள் அலையாத்திக் காட்டைப் பற்றிக்கொள்ள, பெண்குருவிகளுள் பலவும் இளங்குருவிகளும் புதர்க்காட்டுக்கு ஒதுக்கப்படுகின்றன. பனிக்காலம் முடிவதற்குள் புதர்க்காட்டுக் குருவிகளின் எடை குறைகிறது. அலையாத்திக் காட்டுக் குருவிகளோ எடை குன்றாமல் இருக்கின்றன. உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் சுரப்புநீரை மர்ராவும் ஹோல்பர்ட்டன் என்பாரும் குருதியில் அளந்து 1998-இல் வெளியிட்டனர். குருவிகள் வந்திறங்கிய இலையுதிர்காலத்தில் இருவகை இடத்தும் அச்சுரப்பு ஒத்திருந்தது. இளவேனில் வந்தபோதோ புதர்க்காட்டுக் குருவிகளின் குருதியில் அது இயல்பாகவே மிகுந்திருந்தது. புதிய இடர் நேர்ந்தால் உடனே பொங்கி எழவேண்டிய ஆற்றலும் மங்கியிருந்தது. ஒரே இனம், ஒரே தீவு, ஒரே பருவம். குடியிருந்த இடம் ஒன்றுதான் வேறு.

கடிதம் மறைத்ததை உடல் சொல்லும்

இவ்விடத்தில் என் வாழ்க்கையிலிருந்து ஒரு செய்தியைக் கூற விரும்புகிறேன். என் வாப்பா வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். மாதந்தோறும் அவரிடமிருந்து கடிதம் வரும். 'இங்கு நான் மிக்க நலம்' என்றுதான் ஒவ்வொரு கடிதமும் தொடங்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வரும்போது, வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்த அளவிலேயே உம்மா அழுதுவிடுவார்கள். ஓரறையில் எட்டுப் பேர் முறைவைத்து உறங்கியதும், ஒருவேளை உணவைக் குறைத்துப் பணம் அனுப்பியதும் எந்தக் கடிதத்திலும் இருந்ததில்லை. "கடுதாசி பொய் சொல்லும், கழுத்தெலும்பு சொல்லாது" என்பார்கள் உம்மா. விடுப்பில் பாதி நாள் உடம்பைத் தேற்றுவதிலேயே கழிந்துவிடும். இதனைப் படிக்கும் மாணவர் பலர்க்கு இது புதிய கதையாக இராது.

உம்மா கழுத்தெலும்பில் படித்ததை அறிஞர்கள் குருவியின் தசையிலும் குருதியிலும் படிக்கக் கற்றனர். கரிமத்தில் எடை குறைந்தது, எடை மிகுந்தது என ஐசோடோப்புகள் உண்டு. ஈரம் நிறைந்த இடத்துத் தாவரங்களில் எடை மிகுந்த கரிமத்தின் விகிதம் குறைவு. நீரின்றி இலைத்துளைகளை மூடிக்கொண்டு வாழும் வறண்ட இடத்துத் தாவரங்களில் அது மிகுதி. தாவரத்தைப் பூச்சி உண்கிறது. பூச்சியைக் குருவி உண்கிறது. எனவே வாழ்ந்த இடத்தின் முத்திரை குருவியின் உடலில் பதிந்து, அது வடக்கே போய்ச் சேர்ந்த பின்னரும் சில வாரங்கள் அழியாதிருக்கிறது.

மர்ரா, கீத் ஹாப்சன், ரிச்சர்டு ஹோம்ஸ் ஆகிய மூவரும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பார்டு புரூக் காட்டில், இளவேனிலில் வந்து சேர்ந்த செவ்வால் குருவிகளை இம்முறையில் ஆராய்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டனர். முந்தி வந்து சேர்ந்தவற்றின் உடலில் ஈரக்காட்டின் முத்திரையும், பிந்தி வந்தவற்றின் உடலில் வறண்ட காட்டின் முத்திரையும் காணப்பட்டன. ஜமைக்காவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவு உண்டு. அத்தொலைவைக் கடந்த பின்னும் பனிக்கால வீட்டின் நன்மை தீமை உடலோடு வந்துவிடுகிறது.

முந்தி வருவதால் என்ன பயன் எனலாம். வடநாட்டுக் கோடை குறுகியது. முந்தியது நல்ல இடத்தையும் துணையையும் பெறுகிறது. பிந்தியது எஞ்சியதைக் கொண்டு அமைகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ரயன் நோரிஸ் முதலியோர் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வின் கணிப்பின்படி, மிகச் சிறந்த பனிக்கால இடத்தில் வாழ்ந்த பெண்குருவி, மிகத் தாழ்ந்த இடத்தில் வாழ்ந்ததைவிட இரண்டுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைக் கூடுதலாக வளர்க்கும். ஒரு மாதம் வரை முன்னதாகவும் குஞ்சுகளைப் பறக்கவிடும். கூடு வடக்கே இருக்கிறது. அதன் அடித்தளமோ தெற்கே போடப்படுகிறது.

இடம் மாறினால் நலம் மாறும்

ஓர் ஐயம் எழலாம். வலிய பறவை நல்ல இடத்தைப் பிடிக்கிறது. வலிமையால்தான் அது நலமாக இருக்கிறதேயன்றி, இடத்தால் அன்று என்று வாதிடலாம். பட்டிமன்ற மேடைக்கு உரிய நல்ல வாதம் இது. இதற்கு விடை காணக் காலின் ஸ்டட்ஸும் மர்ராவும் ஒரு சோதனை நடத்தினர். அலையாத்திக் காட்டில் ஆட்சி செலுத்திய ஆண்குருவிகளை அகற்றினர். காலியான இடங்களில் பெண்குருவிகளும் இளங்குருவிகளும் குடியேறின. 2005-இல் வெளியான முடிவு ஐயத்தைப் போக்கியது. நல்ல இடம் பெற்ற அவ்வெளிய குருவிகள், புதர்க்காட்டிலேயே தங்கிவிட்டவற்றைப்போல் மெலியவில்லை. அவற்றினும் முன்னதாக வடக்கே புறப்பட்டன. அடுத்த ஆண்டு அவற்றுள் மீண்டு வந்தவையும் மிகுதி. பிறவியிலேயே எளியவை என்று கருதப்பட்டவை, உண்மையில் இடம் மறுக்கப்பட்டவையே. இவ்வுண்மை பறவைகளுக்கு மட்டும் உரியதென்று நான் கருதவில்லை. ஆசிரியராக இருப்போர் இதனை நெஞ்சில் நிறுத்துவது நன்று.

மழை பொய்க்குமாயின்

வீடு நலமாக இருப்பினும் வானம் பொய்த்தால் என்னாகும்? வறண்ட ஆண்டுகளில் பூச்சிகள் குறைகின்றன. பயணத்துக்கு வேண்டிய வலிமையைச் சேர்க்க முடியாமல் குருவிகள் புறப்பாட்டைத் தள்ளிவைக்கின்றன. 2022-இல் வெளியான ஆய்வொன்று இதன் விலையைக் கணக்கிட்டுள்ளது. ஜமைக்காவிலிருந்து 10 நாள் வரை பிந்திப் புறப்படும் செவ்வால் குருவி, இழந்த நாளை ஈடுகட்ட இயல்பைவிட 43 விழுக்காடு வரை விரைந்து பறக்கிறது. அவ்விரைவுக்குத் தண்டமாக உயிர் பிழைக்கும் வாய்ப்பில் 6 விழுக்காட்டுக்கும் மேல் இழக்கிறது.

பயணம் எத்துணைக் கொடியது என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. ஜமைக்காவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் வாழும் கருந்தொண்டை நீலக் கதிர்க்குருவியை ஆராய்ந்த சில்லெட், ஹோம்ஸ் ஆகியோர், அதன் ஓராண்டு இறப்பில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது போக்குவரவுக் காலத்திலேயே நிகழ்கிறது என்று 2002-இல் எடுத்துக்காட்டினர். இதிலிருந்து, பனிக்கால இடத்தில் இறப்பு குறைவாதலால் கவலையில்லை என்று முடிவு செய்தல் பிழை. கட்டுச்சோறு கட்டித் தராத வீட்டிலிருந்து புறப்பட்டவன் வழியில் விழுந்தால், குற்றம் வழியினுடையது மட்டுமா?

மறுப்பும் விடையும்

வடநாட்டில் கூடு கட்டும் காட்டைக் காத்தால் போதாதா என்று கேட்போர் உளர். அவர்கள் கிர்ட்லண்டு கதிர்க்குருவியைச் சான்றாகக் காட்டுவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இளம்பைன் காடுகளில் கூடு கட்டும் இப்பறவை, பனிக்காலத்தைப் பகாமாஸ் தீவுகளில் கழிக்கிறது. 1974-இலும் 1987-இலும் பாடும் ஆண்பறவைகள் 167 மட்டுமே எண்ணப்பட்டன. இளம்பைன் மரங்களைத் தொடர்ந்து நட்டும், பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் கவ்பேர்டு பறவைகளைக் கட்டுப்படுத்தியும் அவ்வினத்தை மீட்டனர். 2,000 இணைக்கு மேல் பெருகியதால் 2019-இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. இது போற்றத்தக்க வெற்றியே. கூட்டிடம் காத்தல் இன்றியமையாதது என்பதை நானும் மறுக்கவில்லை.

ஆயினும் அதே பறவையைப் பற்றிய ஆய்வுகள், பகாமாஸில் பெய்யும் மழையைப் பொறுத்தே அது மிச்சிகனுக்கு முந்தி வருவதும் பிந்தி வருவதும், அது வளர்க்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் அமைகின்றன என்று காட்டியுள்ளன. ஒரு கையால் வளர்த்ததை மறுகையின் சோர்வு குறைத்துவிடக்கூடும். வட அமெரிக்காவில் 1970-க்குப் பின் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள், அதாவது 29 விழுக்காடு, குறைந்துவிட்டன என்று 2019-இல் அறிஞர்கள் கணக்கிட்டனர். இதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஆண்டில் சில திங்களே வாழும் இடத்தை மட்டும் நோக்கி, பாதிக்கும் மேற்பட்ட காலம் வாழும் இடத்தை நோக்காமல் விட்டால், நோய் ஒரிடமும் மருந்து ஒரிடமுமாகவே முடியும்.

வெப்பநாட்டு மக்கள் வறியவர். அவர்கள் வயிற்றுப்பாட்டைப் பார்ப்பார்களா, பறவையைப் பார்ப்பார்களா என்னும் வினாவும் நேர்மையானதே. ஜமைக்காவின் நீலமலைக் காப்பித் தோட்டங்கள் இதற்கு விடை கூறுகின்றன. காப்பிக்காயைத் துளைத்துக் கெடுக்கும் சிறுவண்டைப் பறவைகள் உண்பதால், பறவைகள் புகாதவாறு வலையிட்டு மூடிய செடிகளைவிடத் திறந்த செடிகளில் சேதம் குறைவாக இருந்தது. வலசைக் குருவிகளும் இப்பணியில் பங்கு கொள்கின்றன. நிழல்மரங்களை வெட்டாது காப்பி பயிரிடுவோர்க்குச் சான்றளித்து நல்விலை கிடைக்கச் செய்யும் முறையை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வலசைப் பறவை மையம் நடத்திவருகிறது. குடியிருக்கும் பறவை வாடகை தராமல் இல்லை என்பதே இதன் பொருள்.

நம் வேலிப்புதரில்

இவையெல்லாம் தொலைநாட்டுக் கதைகள் என்று ஒதுக்க இயலாது. வெப்பநாட்டினராகிய நாமும் இவ்வழக்கில் ஒரு தரப்பினரே. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நம் ஊர்ப்புற வேலிப்புதர்களில் 'டக், டக்' என்று ஒலியெழுப்பி, உருவம் காட்டாமல் தாவித் திரியும் மங்கிய பழுப்புநிறக் குருவியைப் பலரும் கேட்டிருப்பர். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள நிலப்பரப்பில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. காக்கசஸ் மலைப்பகுதியில் கூடு கட்டும் பசுங்கதிர்க்குருவி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் பனிக்காலத்தைக் கழிக்கிறது. நெல்லைச் சீமையின் முண்டந்துறைக் காட்டில், வலசை வரும் கதிர்க்குருவிகள் உடலில் சேர்த்துவைக்கும் கொழுப்பின் அளவு ஆண்டுக்காண்டு வேறுபடுவதை மதுசூதன் கட்டி, டிரெவர் பிரைஸ் ஆகியோர் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டனர். பறவையியலறிஞர் சாலிம் அலி வலியுறுத்திய கோடியக்கரை, 1967-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் காப்பிடம் என்றவுடன் நாம் நீர்ப்பறவைகளையே எண்ணுகிறோம். நாரையும் பூநாரையும் பெரியவை. படத்தில் அழகாக விழும். எட்டு, பத்துக் கிராம் எடையுள்ள பாடும் பறவைக்குச் சரணாலயமும் இல்லை, செய்தியும் இல்லை. அதன் வீடு ஓடைக்கரைப் புதரும், தோப்பின் ஓரமும், வயல்வரப்பின் வேலியும், ஏற்காட்டிலும் பழனிமலைச் சரிவிலும் உள்ள நிழல்மரங்களுமே. 'வெறும் புதர்' என்று நாம் கூறும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எல்லைக்கல் நட்டுக் குடியிருக்கும் மனை. 'துப்புரவு' என்னும் பெயரால் பனிக்காலத்தின் நடுவில் வேலியை அழித்துவிடும்போது, வெகுதொலைவில், அடுத்த கோடையில், ஒரு கூட்டில் இரண்டு குஞ்சுகள் குறையக்கூடும். செய்தவர்க்கு அது தெரியாது. தெரியாமை பொறுக்கப்படலாம், தெரிந்தபின் செய்வது எவ்வாறு பொறுக்கப்படும்?

ஆகவே மாணவர்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. பள்ளி, கல்லூரி வளாகங்களிலும், ஊர்ப்பொது நிலங்களிலும், நம் தோட்டந்துரவுகளிலும் புதரும் மரமும் கலந்த ஒரு மூலையை வெட்டாமல் விடுங்கள். வெட்டியே ஆகவேண்டுமெனில் குருவிகள் புறப்பட்டுச் சென்ற பின் வெட்டுங்கள். கண்மாய்க்கரையின் ஈரத்தையும், கடற்கரையின் அலையாத்தியையும் வீண்நிலம் என்று சொல்லும் வழக்கத்தை விடுங்கள். வறண்ட மாதங்களில் அவ்வீரமே உயிர்களைத் தாங்கும் என்பதை ஜமைக்காவின் சிறு குருவி நமக்குக் கற்பித்திருக்கிறது.

வாப்பா இறுதியாக ஊர் திரும்பியபின், வெளிநாடு செல்லும் இளைஞர் எவர் விடைபெற வந்தாலும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டார். தங்கும் இடம் எப்படி என்றே கேட்பார். பிழைக்கப் போகுமிடத்தில் காற்றும் வெளிச்சமும் வயிறார உணவும் கிடைத்தால்தான் ஒருவன் நல்லுடம்போடு வீடு திரும்புவான் என்பதை அவர் உடம்பால் அறிந்திருந்தார். நம்மிடம் வரும் பறவையைப் பற்றி அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் நாமே. விடை சொல்ல வேண்டியவரும் நாமே. அடுத்த பனிக்காலத்தில் வேலியோரம் 'டக், டக்' என்னும் ஒலி கேட்குமாயின், விருந்தாளி வந்ததென்று எண்ணற்க. வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று எண்ணுக.